முப்பது என்று சொன்னது யார்?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு நீதிபதி தங்கள் மாடிப்படி ஏறி வருவார் என்று வசந்தன் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் கைலியை மாற்றியிருப்பான். வாயில் இருந்த ரொட்டி சானாயையாவது விழுங்கி வைத்திருப்பான்.

பாக்கார் ஆராங்கில் ஒரு பல் வைத்தியரின் மாடியில் இருந்தது ஷம்சியாவின் துப்பறியும் அலுவலகம். ஷம்சியாவுக்கு முப்பத்தெட்டு வயது. போலீசில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, மேலதிகாரிகளிடம் உண்மையைச் சொல்லும் கெட்ட பழக்கத்தால் வெளியே வந்தவள். உதவியாளன் வசந்தனுக்கு ஐம்பத்தொன்று. இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். வயதுக்கு மரியாதை கொடுத்து அவள் அவனை அண்ணே என்பாள். சம்பளத்துக்கு மரியாதை கொடுத்து அவன் அவளை பாஸ் என்பான்.

வந்தவர் நீதிபதி புவனேசன், டத்தோ பட்டம் வாங்கியவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். அவர் பேசத் தொடங்கியதும் கீழே பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வலியை மறந்து காது கொடுத்திருப்பார்கள்.

"போலீசுக்குப் போனா பேப்பர்ல வந்துடும். அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார். "என் கோர்ட்டுல திருட்டு நடந்திருக்கு. திருடு போனது என் வார்த்தை."

அவர் சொன்ன வழக்கு கெடா மாநிலம் முழுக்கத் தெரிந்ததுதான். காளிதாசன் என்பவன் ஒரு தீவிரவாதக் கும்பலுக்காகப் பேருந்து நிலையத்தில் வெடிகுண்டுப் பையை வைத்தான். யாரோ மறந்துவிட்டுப் போன பை என்று அதைப் பத்திரமாக எடுத்து வைக்கப் போன டிக்கெட் விற்பவருக்கு வலது கை போயிற்று. குற்றம் நிரூபணமாகிவிட்டது. தண்டனை மட்டும் பாக்கி. அதை நாளை ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலை நாளன்று, காலை ஒன்பது மணிக்குப் புவனேசன் வாசிக்க வேண்டும்.

"தண்டனை வாசிக்கிறப்போ நான் சொல்லப்போறத மலாய்ல என் கையாலேயே எழுதினேன். காளிதாசனுக்கு மலாய் நல்லாவே தெரியும். ஆனா தமிழ்ல கேக்குறது என் உரிமைன்னு அடம் புடிக்கிறான். அதனால மொழிபெயர்ப்பாளர் நளினிகிட்ட மட்டும் ஒரு நகல் குடுத்தேன். செவ்வாக்கெழம மத்தியானம். அன்னிக்குச் சாயங்காலமே அது தமிழ்ல வாட்சப்புல சுத்துது."

"அதனால என்ன நஷ்டம், டத்தோ?" என்று கேட்டாள் ஷம்சியா.

"தண்டனையக் குறைக்கச் சொல்லி வக்கீல் பேசுறதுக்கு நான் நாள் குறிச்சது புதன்கிழம. அவரு வாட்சப்பக் காட்டி, 'யாங் ஆரிஃப், நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சாமே'ன்னு சிரிச்சாரு." புவனேசனின் காது மடல் சிவந்தது. "நளினிதான் செஞ்சது. சந்தேகமே இல்ல. ஆதாரம் மட்டும் கொண்டாங்க. நாளைக்குக் காலையில மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பணும். அவங்க வேலை அத்தோட முடிஞ்சிது."

ஷம்சியா அவருடைய தாளையும் தன் கைபேசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அந்தச் செய்தி வசந்தனுக்கும் ஏழு முறை வந்திருந்தது. இப்போதுதான் நிதானமாகப் படித்தான்.

*பஸ் ஸ்டாண்டுல பைய வச்சவனே, கேளு. யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு அந்தப் பைய எடுத்து வைக்க ஒரு கை நீண்டுச்சி. நல்லது செய்ய நீண்ட கை. அதத்தான் நீ எடுத்துக்கிட்ட. நீ பயமுறுத்தப் பாத்த சனம் மறுநாளும் அதே பஸ்ல ஏறி வேலைக்குப் போச்சி. நீ தோத்துட்ட. உனக்கு முப்பது வருசம்.*

"நல்லா எழுதியிருக்கீங்க, டத்தோ" என்றான் வசந்தன், உண்மையாகவே.

"ஆனா உங்க தாள்ல இருபத்தஞ்சு வருஷம்னு இருக்கு" என்றாள் ஷம்சியா. "இதுல முப்பது."

நீதிபதி ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தார். "அவசரத்துல தப்பா அடிச்சிருப்பாங்க" என்று எழுந்துகொண்டார்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை ஷம்சியா காத்திருந்தாள். பிறகு, "அண்ணே, தாளப் பாத்து எழுதுறவங்க எதத் தப்பா எழுதுனாலும் இதத் தப்பா எழுத மாட்டாங்க. ஊரே காத்துக்கிட்டிருக்கிறது அந்த ஒரு நம்பருக்குத்தான்" என்றாள்.

"அப்போ?"

"இத எழுதுன ஆளு தாளப் பாக்கவே இல்ல. காதால கேட்டிருக்கு."

"ஜட்ஜு தூக்கத்துல பேசுற ஆளா இருந்தா, முதல்ல அவரு சம்சாரத்த விசாரிக்கணும் பாஸ்."

"முதல்ல நளினி. நீங்க கைலிய மாத்துங்க."

நளினியின் வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. கதவைத் திறந்தவள் கையில் இஸ்திரிப் பெட்டி. மேசையில் கறுப்புக் கோட்டு விரிந்து கிடந்தது. பதினேழு வருடமாக நீதிமன்றத்துக்குப் போட்டுப் போகும் கோட்டு.

"நாளைக்கு இதப் போடுவேனான்னு தெரியாது" என்றாள் நளினி. "இருந்தாலும் கை சும்மா இருக்க மாட்டேங்குது."

குற்றம் செய்தவள் கோட்டுக்கு இஸ்திரி போடுவாளா என்று வசந்தன் யோசித்தான். போடலாம். ஆனால் மடிப்பு இவ்வளவு நேராக வராது என்று தனக்குள் தீர்ப்பும் எழுதிக்கொண்டான்.

நளினி தன் தமிழாக்கத்தை எடுத்துக் காட்டினாள். 'பேருந்து நிலையத்தில் பொதியினை வைத்த குற்றவாளியாகிய நீர்' என்று தொடங்கியது அது. தண்டனை இருபத்தைந்து ஆண்டு.

"யக்கா, இத வாசிச்சா கைதிக்குத் தண்டனையே வேணாம், தூங்கிடுவான்" என்றான் வசந்தன்.

நளினிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "பசார்ல மீன் விக்கிறவரு கேக்குறாரு, தீவிரவாதிகிட்ட எவ்வளவு வாங்குனன்னு. என் பேரு எல்லாக் குழுவிலயும் போயிடுச்சி. பதினேழு வருஷமா மத்தவங்க சொன்னத ஒரு வார்த்த கூட்டாம குறைக்காம சொல்லியிருக்கேன். எனக்காக ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல."

வசந்தனுக்கு அதற்குமேல் நகைச்சுவை வரவில்லை. அது அவனுக்கு வருடத்தில் இரண்டு முறைதான் நடக்கும்.

காருக்குத் திரும்பியதும் அவன் தன் ஆயுதத்தை வெளியே எடுத்தான். அந்தக் கைபேசியில் நாற்பத்துமூன்று வாட்சப் குழுக்கள். பேருந்தில் ஏற்றிப் போன பிள்ளைகளின் பெற்றோர், மரண சகாய சங்கம், கோழி வளர்ப்போர், பழைய பாட்டு ரசிகர்கள், காரணமே தெரியாமல் அவனைச் சேர்த்துவிட்ட யோகா பெண்கள். செய்தியை அனுப்பியவரைக் கூப்பிட்டு, உனக்கு யார் அனுப்பியது என்று கேட்டு, அவரைக் கூப்பிட்டு, அவருக்கு யார் என்று பின்னாலேயே போனான். ஒருவர் தூக்கத்தில் திட்டினார். ஒரு யோகா பெண், மூச்சை அடக்கியிருக்கும்போது ஏன் அழைக்கிறீர்கள் என்றாள். பதினோராவது ஆள் அனுப்பி வைத்த பிரதிதான் எல்லாவற்றிலும் பழையது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தேகால்.

"பாஸ், இதுல கடைசியில ஒரு வரி கூட இருக்கு. மத்தவங்க அத வெட்டிட்டுத்தான் அனுப்பியிருக்காங்க."

ஷம்சியா வாங்கிப் படித்தாள். *உனக்கு முப்பது வருசம். சனிக்கிழமை பொங்கலுக்கு வாழையிலை அறுத்துக்கிட்டு வரவும். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம்.*

"காளிதாசனுக்குக் கடுமையான தண்டனைதான்" என்றான் வசந்தன். "முப்பது வருஷம், அதுக்கு மேல வாழையிலை."

"அந்த ஆளுக்கு இத யாரு அனுப்புனது?"

"மருதம்மாள். சிடாம் கிரி பக்கம், வெள்ளப்பாலம் தோட்டம்."

"சனிக்கிழம பொங்கல்னா இன்னிக்குத்தான். வண்டிய எடுங்க."

வெள்ளைப்பாலம் தோட்டத்தில் ரப்பர் போய் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. தொழிலாளர் லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஆனால் லயத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயிலில் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. வாசலில் பத்துப் பன்னிரண்டு கார்கள். பெண்டாங்கிலிருந்து வேனில்கூட ஆட்கள் வந்திருந்தார்கள்.

ஷம்சியா உள்ளே வராமல் வெளியே நின்றுகொண்டாள். அண்ணாந்து எதையோ பார்த்தாள். பிறகு அப்படியே பார்த்தபடி லயத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வசந்தன் தனியாகக் கோயிலுக்குள் போனான்.

மருதம்மாள் அறுபதைத் தாண்டியவள். பொங்கல் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது நீங்க அனுப்புனதா?" என்று கைபேசியை நீட்டினான்.

"ஆமா தம்பி. அய்யா சொன்னாரு, நான் எழுதினேன்."

"எந்த அய்யா?"

மருதம்மாள் கரண்டியால் சுட்டிக் காட்டினாள். அங்கே முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக, கையில் அரிவாளோடு முனியாண்டி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறான் வசந்தன். இந்தச் சந்தேக நபரிடம் மட்டும் கேள்வி கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"செவ்வாக்கெழம நாலு மணி இருக்கும்" என்றாள் மருதம்மாள். "மழன்னா அப்படி ஒரு மழ. எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்கோம். திடீர்னு கோயில் ஸ்பீக்கர் ஹார்ன்ல குரல் வருது. பூசாரி குரல் இல்ல. இந்தத் தோட்டத்து ஆம்பளைங்க குரலே இல்ல. கணீர்னு. எங்களுக்கெல்லாம் ஒடம்பு சிலுத்துப் போச்சி. அய்யா வாக்கு வீணாப் போகலாமா, அதான் உக்காந்து எழுதி, 'முனியாண்டி அய்யா வாக்கு'ன்னு மேல தலைப்புப் போட்டு, கோயில் குழுவுல அனுப்பினேன். கையோட இலை வெவகாரத்தையும் சொல்லிட்டேன்."

தலைப்பை யாரோ வெட்டினார்கள். வாலை வேறு யாரோ வெட்டினார்கள். நடுவில் மிச்சமிருந்தது ஒரு நீதிமன்றத்தையே ஆட்டி வைத்துவிட்டது.

"முப்பதுன்னு நல்லாக் கேட்டுச்சா?"

"ரெண்டு தடவ சொன்னாரு. மழ விட்டதும் ஓடி வந்து பாத்தோம். ஒரு ஆளில்ல. அய்யா முன்னால ஒரு சுருட்டு மட்டும் பொகஞ்சிக்கிட்டு இருந்துச்சி." அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூசாரி தேவன் தூணுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வசந்தன் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். ஒரு பூசாரி தலையைச் சொறிந்தால் அதில் விஷயம் இருக்கிறது என்பது வசந்தனின் அனுபவம். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"அன்னிக்குப் பாட்டுப் போட்டு மைக்க டெஸ்ட் பண்ணேன், அண்ணே" என்று கிசுகிசுத்தார் தேவன். "அப்படியே விட்டுட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கப் போனேன். மழையில கடையிலேயே மாட்டிக்கிட்டேன். திரும்பி வந்தா மைக்கு லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கு."

"இத ஏன்லா யார்கிட்டயும் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? செவ்வாக்கெழமையில இருந்து சனம் குவியுது. பத்து வருஷமா விளக்குக்கு எண்ணெ ஊத்த ஆளில்லாத கோயிலு இது."

ஷம்சியா வாசலுக்குத் திரும்பி வந்திருந்தாள். வசந்தன் எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவள் ஆச்சரியப்படவில்லை.

"ஒயர் எங்க போவுதுன்னு பாத்துட்டு வந்தேன், அண்ணே. கோயில்ல ஹார்னே இல்ல. வீட்டுல இருந்தே பாட்டுக் கேக்கணும்னு லயத்து முனையில மரத்துல கட்டியிருக்காங்க. தகரத்துல மழ கொட்டுறப்போ உள்ள நின்னு பேசுற ஆளுக்குத் தன் குரலு அங்க வரைக்கும் போறது தெரியாது."

"சரி, யாரு அந்த ஆளு?"

அவள் கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். "டத்தோ, ஆளக் கண்டுபிடிச்சிட்டோம். வெள்ளப்பாலம் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு வர முடியுமா?"

மறுமுனையில் வருகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டது. அவ்வளவுதான்.

முக்கால் மணியில் கார் வந்து நின்றது. புவனேசன் இறங்கினார். வழி கேட்கவில்லை. பள்ளத்தில் கால் வைக்காமல், பழகிய வீட்டுக்குள் நுழைகிறவர் போல நேராக வாசலுக்கு வந்தார்.

"எங்க அந்த ஆளு?" என்றார்.

மருதம்மாளின் கரண்டி பொங்கல் பானைக்குள் விழுந்தது.

"அய்யா குரல்" என்றாள்.

அடுத்த நொடி அங்கிருந்த பெண்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெண்டாங் வேனில் வந்த ஒரு கிழவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யாரோ கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஓடி வந்து நீதிபதியின் முகத்துக்கு நேராக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வாழ்நாளெல்லாம் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்தவர், முதல் முறையாகத் தானே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

"டத்தோ, நீங்க கேட்ட ஆளு" என்றாள் ஷம்சியா.

வசந்தனுக்கு இப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. சிரிப்பை அடக்கப் பெண்டாங் கிழவரைத் தூக்கிவிடப் போவதுபோல் குனிந்துகொண்டான்.

அவர்கள் மூவரும் செம்பனை நிழலுக்கு நகர்ந்தார்கள். புவனேசன் நெற்றியில் யாரோ பூசிய விபூதியைத் துடைக்க மறந்திருந்தார்.

"நான் இந்த லயத்துல பொறந்தவன்" என்றார். குரல் பாதியாகியிருந்தது. "அந்தக் காலத்துல தோட்டத்துல என்ன வழக்குன்னாலும் அய்யா முன்னால நின்னுதான் சொல்லணும். பொய்யா இருந்தா நாக்கு தடுக்கும்னு நம்பிக்க. பெரிய தண்டனையா இருந்தா, நான் இங்க வந்து ஒரு தடவ சொல்லிப் பாப்பேன். அவருக்கு மலாய் தெரியாதே, அதான் தமிழ்ல. அன்னிக்கு அந்தக் கைய நெனச்சப்போ ஆத்திரத்துல முப்பதுன்னு வந்துடுச்சி. வீட்டுக்குப் போனதும் இருபத்தஞ்சே சரின்னு விட்டுட்டேன். இங்க என்னத் தவிர யாருமே இல்லயே."

"மைக்கு இருந்துச்சி" என்றான் வசந்தன்.

புவனேசன் நிமிர்ந்தார். பழைய குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. "சரி. நளினிமேல அறிக்கை போகாது. இது நம்ம மூணு பேரோட முடியட்டும்."

"எப்படி முடியும், டத்தோ?" ஷம்சியா குரலை உயர்த்தவில்லை. "அறிக்கை போகலன்னா அவங்க வேலை மட்டுந்தான் மிஞ்சும். மீன் கடையில நிக்க முடியாது. சும்மா விட்டுட்டாங்க, ஆனா திருடிதான்னு சாகுற வரைக்கும் சொல்வாங்க."

நீதிபதி தன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. வக்கீல் பேசுறதுக்கு நீங்களே குறிச்ச நாளு புதன்கிழம. நீங்க இங்க நின்னு தண்டனையச் சொன்னது செவ்வாக்கெழம."

மேலதிகாரிகளிடம் உண்மையைச் சொல்லும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை என்று வசந்தன் நினைத்துக்கொண்டான். அவனுக்குப் பெருமையாக இருந்தது. புவனேசன் பொங்கல்கூட வாங்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"அமுக்கிடுவாரு பாஸ்" என்றான் வசந்தன். "இல்ல, ஒப்புக்கிட்டாருன்னா அந்தக் காளிதாசன் தப்பிச்சிடுவான். ரெண்டும் கேடு."

"அவன் எங்க தப்பிக்கிறது? குற்றம் குற்றந்தான். தண்டனைய வேற ஒருத்தரு காது குடுத்துக் கேட்டுட்டுச் சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. நிருபர்கள் மட்டுமே மூன்று வரிசை. குற்றவாளிக் கூண்டில் காளிதாசன் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவன் போல் நின்றான். அவன் பக்கத்தில், மடிப்புக் கலையாத கறுப்புக் கோட்டில் நளினி. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளை அங்கே பார்த்ததும் நிருபர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன் சிரித்தான். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வசந்தன் சிரித்தவனை முறைத்தான்.

புவனேசன் வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். மலாயில் பேசத் தொடங்கினார்.

"தண்டனை பற்றிய என் வார்த்தைகள் செவ்வாய்க்கிழமை வெளியே போயின. அவற்றை வெளியே விட்டது நான். என் அஜாக்கிரதை. இந்த மன்றத்தின் மொழிபெயர்ப்பாளர் திருமதி நளினிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. விசாரிக்காமல் அவர்மேல் பழி போட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வக்கீல் பேசுவதைக் கேட்பதற்கு முன்பே தண்டனையை முடிவு செய்ததும் என் தவறு. ஆகவே இந்தக் குற்றவாளிக்குத் தண்டனை சொல்வதிலிருந்து விலகுகிறேன். வேறொரு நீதிபதி சொல்வார்."

காளிதாசனின் முகத்தில் இருந்த கல்யாணக் களை போய், என்ன நடக்கிறது என்ற குழப்பம் வந்தது. மலாய் தெரிந்தவன்தான். ஆனாலும் தன் உரிமையை விடாமல், தமிழுக்காக நளினியின் பக்கம் காதைச் சாய்த்தான்.

நளினியின் கண் நிறைந்திருந்தது கடைசி வரிசைக்கே தெரிந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள், நிதானமாக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி நீதிபதியை நேராகப் பார்த்தாள்.

"மாஃப், யாங் ஆரிஃப்" என்றாள். "தோலோங் உலாங் செகாலி லாகி."

மன்னிக்க வேண்டும், நீதிபதி அவர்களே, தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள்.

வசந்தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீதிமன்றக் குமாஸ்தா திடுக்கிட்டார். "பதினேழு வருஷத்துல இவங்க யாரையும் திரும்பச் சொல்லச் சொன்னதே இல்லயே" என்றார்.

புவனேசன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் சொன்னார், இந்த முறை நிருபர்கள் எழுதிக்கொள்ளும் அளவுக்கு மெதுவாக.